ஏ.கே. செட்டியார்: செய்திப்படச் சுருள்களைத் தேடிய தமிழ்ப் பயணி

ஆய்வுச்சுருக்கம்

உலகம் சுற்றிய தமிழர் என்று அறியப்பட்ட ஏ.கே. செட்டியார் (1911–1983) பயண இலக்கிய முன்னோடியாகவும் குமரி மலர் இதழின் ஆசிரியராகவும் தமிழ் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுகிறார். காந்தியடிகளைப் பற்றி அவர் உருவாக்கிய ஆவணப்படம் அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. உலகின் பல நாடுகளில் சிதறிக் கிடந்த செய்திப்படச் சுருள்களைத் தேடித் திரட்டிய அவரது பணியை மையமாகக் கொண்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல இக்கட்டுரை முற்படுகிறது. அப்பணி ஏட்டுச்சுவடித் தேடலின் தொடர்ச்சி என்பதும், இன்று கிடைக்கும் படத்தைப் பதிப்பியல் நோக்கில் ஒரு பாடமாகவே கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

குறிச்சொற்கள்: ஏ.கே. செட்டியார், செய்திப்படம், காந்தி ஆவணப்படம், குமரி மலர், பாடவேறுபாடு, ஆவணக்காப்பு

முன்னுரை

கொடைக்கானல் மலையில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வருகின்றனர். மேகம் மறைக்கும் நாள்கள் நீங்கலாக நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதிரவனின் முகம் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் அங்கே சேமிக்கப்பட்டுள்ளது. அண்மைக் காலத்தில் அவை எண்ணிம வடிவுக்கும் மாற்றப்பட்டுள்ளன. 1930ஆம் ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளில் சூரியனில் எத்தனை கரும்புள்ளிகள் இருந்தன என்று கேட்பார்க்கு அந்த மலையில் விடை உண்டு.

அதே மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ளது பழனி. 1946 பிப்ரவரி 3ஆம் நாள் காந்தியடிகள் அவ்வூருக்கு வந்தார். அவருடைய கடைசித் தமிழகப் பயணத்தின் இறுதிக் கட்டம் அது. அன்று மலைப்படிகளில் நின்ற கூட்டத்தைப் பற்றியும், நாற்காலியில் அமர்த்தி அவரை மேலே சுமந்து சென்றதைப் பற்றியும் தம் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் அடிவாரத்து ஊர்களில் இன்றும் உள்ளனர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். கதையாக வந்ததைக் கண்ணால் காண வேண்டும் என்ற விருப்பமே இந்த ஆய்வின் தொடக்கம். சூரியனுக்கு வாய்த்த காப்பு மனிதருடைய பொதுவாழ்வுக்கு ஏன் வாய்க்கவில்லை என்ற வினா பிறகே எழுந்தது. அவ்வினாவைப் பின்தொடரும் தமிழ் மாணவர் எவரும் ஏ.கே. செட்டியாரிடம் வந்து சேராமல் இருக்கமுடியாது.

கோட்டையூரிலிருந்து டோக்கியோவுக்கு

கருப்பன் செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பரில் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து நகரத்தார் குடும்பங்களில் பிறந்த ஆண்மகன் கடல் கடப்பது புதுமையன்று. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திய மரபு அது. கணக்குப் பழகிய இளைஞன் மூன்றாண்டுக் கெடுவில் கப்பலேறுவதும் கெடு முடிந்து ஊர் திரும்புவதும் அங்கே வழக்கம். செட்டியாரும் பர்மாவுக்குச் சென்றார். ஆனால் அவர் அங்கே கையில் எடுத்தது பேரேடு அன்று, பத்திரிகை. இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் இதழின் ஆசிரியப் பொறுப்பை இளம் வயதிலேயே ஏற்றார்.

முப்பதுகளின் நடுவில் அவர் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். பிறகு நியூயார்க் நகரிலும் அக்கலையைக் கற்றார். அந்நாளில் வெளிநாடு சென்ற தமிழ் மாணவர் பெரும்பாலும் சட்டம், மருத்துவம், ஆட்சிப்பணித் தேர்வு ஆகியவற்றை நாடினர். அவர்கள் சென்ற ஊரும் பெரும்பாலும் இலண்டனே. கிழக்கே ஜப்பானுக்கும் மேற்கே அமெரிக்காவுக்கும் சென்று ஒருவர் ஒளிப்படம் கற்றுவந்தது அரிதினும் அரிது. ஜப்பான் அனுபவங்களை அவர் நூலாகவும் எழுதினார். அந்த உரைநடை சிறு சிறு வாக்கியங்களால் ஆனது. வருணனை மிகக் குறைவு. கண்டதைக் கண்டவாறு சொல்லி நகர்ந்துவிடும். புகைப்படம் எடுப்பவரின் சிக்கனம் அவர் மொழிக்கும் வந்துவிட்டது எனக் கருத இடமுண்டு.

கப்பலில் தோன்றிய எண்ணம்

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் இருந்தார். அது காந்தியடிகள் பிறந்த நாள். அவரைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் அன்று தோன்றியது. அப்போது செட்டியாருக்கு இருபத்தாறு வயது நிறையவில்லை. படத்தொழிலில் முன் அனுபவமோ பெரிய முதலோ அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

காந்தியடிகளுக்குத் திரைப்படத்தின்மீது நல்லெண்ணம் இருந்ததில்லை. 1927–28இல் இந்தியத் திரைப்படக் குழு அனுப்பிய வினாநிரலுக்கும் அவர் தம் வெறுப்பையே விடையாகத் தந்தார். படக்கருவியின்முன் நின்று நடித்துக்காட்ட இசையாதவர். தமக்கென ஒருபோதும் நேரம் ஒதுக்காதவர். அத்தகைய ஒருவரைப் பற்றிப் படம் எடுப்பவர்க்கு இரண்டே வழிகள் இருந்தன. அவர் நடமாடும் இடங்களில் காத்திருந்து கிடைத்ததைப் பிடிப்பது ஒன்று. பிறர் ஏற்கெனவே பிடித்தவற்றைத் தேடிச் சேர்ப்பது மற்றொன்று. முதல் வழியால் 1937க்குப் பிந்திய காந்தி மட்டுமே கிடைப்பார். தென்னாப்பிரிக்கா, சம்பாரண், ஒத்துழையாமை, தண்டி, வட்டமேசை மாநாடு எல்லாம் அதற்குள் கடந்துபோயிருந்தன. எனவே செட்டியார் இரண்டாம் வழியையே பெரிதும் நம்ப நேர்ந்தது.

செய்திப்படம் என்னும் மூலச்சான்று

தொலைக்காட்சி வருவதற்கு முன் உலக நடப்புகளை மக்கள் கண்ணால் கண்டது திரையரங்குச் செய்திப்படங்களில்தான். பிரான்சின் பாத்தே நிறுவனம் 1908ஆம் ஆண்டளவில் இதனைத் தொடங்கியது. கோமான் நிறுவனம் பின்தொடர்ந்தது. இருபதுகளின் இறுதியில் அமெரிக்காவின் மூவிடோன் ஒலியுடன் கூடிய செய்திப்படங்களைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அவை வாரம் இருமுறை வெளியாயின. ஒவ்வொன்றும் ஒரு சுருள் அளவு. ஏறத்தாழப் பத்து நிமிடம். அதற்குள் அரசர் ஊர்வலம், குதிரைப் பந்தயம், வெள்ளச் சேதம், போர் முனை, புதுப்பாணி உடை எல்லாம் அடங்கும். மூன்றாம் நாளில் அடுத்தது வந்துவிடும். பழையது நிலவறைக்குப் போகும்.

காந்தியடிகள் இந்த ஓட்டத்தில் பலமுறை சிக்கினார். 1930 மார்ச் 12 முதல் ஏப்ரல் 6 வரை நடந்த தண்டி யாத்திரையை இந்தியப் படப்பிடிப்பாளரும் அயல்நாட்டாரும் பதிவுசெய்தனர். இந்தியாவில் அப்படங்களைத் திரையிட அரசு தடைவிதித்தது. 1931இல் போர்சாது என்னும் குசராத்து ஊரில் மூவிடோன் குழுவினர் ஒலிக்கருவியுடன் வந்து அவரிடம் உரையாடிப் பதிவுசெய்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் மார்சேயில் இறங்கியது, ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் மழையில் சால்வையுடன் நடந்தது, இலங்காசயர் ஆலைத் தொழிலாளரிடையே நின்றது ஆகியவையெல்லாம் படமாயின.

இப்படங்களை எடுத்தவர்கள் காந்தியின் அன்பர்கள் அல்லர். அரையாடை அணிந்த கீழ்நாட்டு விந்தை மனிதர் என்ற பார்வையே பல செய்திப்படங்களின் பின்னணிப் பேச்சில் ஒலித்தது. ஆகவே, செட்டியார் தேடிச் சென்ற சான்றுகளில் பெரும்பகுதி எதிர்த்தரப்பின் ஏளனத்தோடு கலந்து கிடந்த சான்றுகள். காட்சியை வைத்துக்கொண்டு பேச்சை நீக்குவதும், அதற்குமேல் தமிழில் வேறொரு பேச்சை ஏற்றுவதும் அவர் செய்யவேண்டிய பணியாயின. இலக்கிய ஆய்வுலகில் இதற்கு இணை உண்டு. குடியேற்ற ஆட்சியாளரின் கையேடுகளையும் பாதிரியாரின் நாட்குறிப்புகளையும் நம் வரலாற்றாசிரியர்கள் பயன்கொண்டது இவ்வாறுதான். படச்சுருளைக் கொண்டு அதனை முதலில் செய்தவருள் ஒரு தமிழர் இருந்தார் என்பதை நம் துறை போதிய அளவு எண்ணிப்பார்த்ததில்லை.

தேடலும் திரட்டலும்

ஆவணப்பட நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்துச் செட்டியார் பணியைத் தொடங்கினார். அடுத்த மூன்றாண்டுகளுக்குள் அவர் இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, இந்தியப் பகுதிகள் என ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்தார். விமானப் பயணம் அரிதாயிருந்த காலம். பெரும்பகுதி கப்பலிலும் இரயிலிலும் கழிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகளிலிருந்து 50,000 அடி படச்சுருளை அவர் திரட்டினார். பாரிசில் பயின்ற ஒளிப்பதிவாளர் பி.வி. பதி போன்ற தேர்ந்தவர்களின் துணையும் அவருக்கு வாய்த்தது.

50,000 அடி என்னும் எண்ணை விளக்குவது பயனுடையது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள், ஒலிப்பட வேகத்தில், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். எனவே அவர் திரட்டியது ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சி. செய்திப்படங்களில் ஒரு நிகழ்ச்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடம், அதாவது 90 அடி. அத்தகைய துணுக்குகளால் ஒன்பது மணி நேரத்தை நிரப்பவேண்டுமானால் எத்தனை நிலவறைகளின் கதவைத் தட்டியிருக்கவேண்டும் என்பதை வாசகரே கணக்கிடலாம். நிறுவனங்கள் பழைய காட்சியின் படியை அடிக்கணக்கில் விற்றன. வாங்குபவர் தமக்கு எது வேண்டும் என்று நாளும் இடமும் சொல்லிக் கேட்கவேண்டும். இதன் பொருள், காந்தியடிகளின் வாழ்க்கைக் குறிப்பைத் தேதிவாரியாகத் தொகுத்துக்கொண்ட பிறகே ஒருவர் இத்தேடலில் இறங்கமுடியும் என்பது. படம் எடுப்பதற்கு முன் செட்டியார் வரலாற்று மாணவராக வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் நுட்பம் சார்ந்தது. ஊமைப்படக் காலத்துக் காட்சிகள் நொடிக்கு 16 முதல் 18 சட்டகங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. ஒலிப்பட எறிகருவியின் வேகம் நொடிக்கு 24 சட்டகங்கள். பழைய சுருளை அப்படியே ஓட்டினால் மனிதர்கள் துள்ளி ஓடுவர். இயல்பிலேயே விரைந்து நடப்பவரான காந்தியடிகள் அதில் வேடிக்கைப் பொம்மையாகத் தெரிவார். சில சட்டகங்களை இருமுறை அச்சிட்டு ஓட்டத்தைத் தாழ்த்துவது ஒரு வழி. துணுக்கைக் கத்தரித்து ஓட்டம் உறுத்தாதபடி அமைப்பது இன்னொரு வழி. முப்பதாண்டுக் காட்சிகளை ஒரே படத்தில் சேர்க்கும் எவர்க்கும் இச்சிக்கல் தவிர்க்க இயலாதது.

இவ்விடத்தில் உ.வே. சாமிநாதையரை நினையாமல் இருக்கமுடியவில்லை. சீவகசிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் அச்சேறுவதற்கு முன் அவர் எத்தனை மடங்களையும் கவிராயர் வீடுகளையும் தேடிச் சென்றார் என்பதைத் தமிழுலகம் அறியும். அவருடைய என் சரித்திரம் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். செட்டியாரின் படம் திரைக்கு வந்ததும் அதே ஆண்டில். ஒருவர் தேடியது பனையோலை, மற்றவர் தேடியது நைட்ரேட்டுச் சுருள். ஓலையைச் செல் அரிக்கும். நைட்ரேட்டு எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. பற்றாவிட்டாலும் நாளடைவில் ஒட்டிப் பொடியாகும். இரண்டுக்கும் உயிர்வாழும் வழி ஒன்றே: படியெடுத்தல். ஐம்பதுகளின் தொடக்கம் வரை உலகின் பெரும்பாலான படங்கள் இந்த நைட்ரேட்டு அடித்தளத்தில்தான் இருந்தன. செட்டியார் வாங்கிய ஒவ்வொரு படியும் ஓர் ஏட்டுக்கு எடுத்த மறுபடி போன்றது. மூலம் எங்கோ அழிந்தாலும் அது இங்கே நிற்கும். நிற்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

போர்க்காலத்தில் ஒரு திரையீடு

ஐரோப்பா போரை நோக்கி விரைந்த ஆண்டுகளில் செட்டியாரின் தேடல் நடந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டது. இந்தியத் தலைவர்களைக் கலக்காமல் அரசப் பிரதிநிதி இந்தியாவையும் போரில் ஈடுபடுத்தினார். அக்டோபர் இறுதியில் சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது; மாகாணம் ஆளுநர் ஆட்சிக்குள் வந்தது. காங்கிரசு ஆட்சியின்போது தளர்ந்திருந்த தணிக்கையின் கை மீண்டும் இறுகியது. இச்சூழலில்தான் 50,000 அடி 12,000 அடியாகச் சுருக்கப்பட்டு, தமிழ் விளக்கவுரையுடன் படம் உருப்பெற்றது.

1940 ஆகசுடு 23ஆம் நாள் சென்னை ராக்சி திரையரங்கில் அது வெளியாயிற்று. மறுநாள் இரவு இலண்டன் நகரின்மீது செருமானியக் குண்டுகள் விழுந்தன. இரண்டு வாரத்தில் அந்நகர்மீது இரவுதோறும் குண்டு வீச்சு தொடங்கியது. செட்டியார் படியெடுத்து வந்த சுருள்கள் சிலவற்றின் மூலங்கள் அந்நகரத்து நிலவறைகளிலேயே இருந்திருக்கும். இரண்டாண்டு தாமதித்திருந்தால் இந்தப் படம் உருவாகியிருக்கவே முடியாது. கப்பல் வழிகள் அடைபட்டிருக்கும். சுருள்கள் கைக்கு எட்டாமல் போயிருக்கும்.

சென்னையில் நிலைமை வேறு. அதே ஆண்டு அக்டோபர் 17இல் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. போரை எதிர்த்துப் பேசுவது சிறைக்கு வழி. காந்தியடிகளைக் கதைத்தலைவராகக் கொண்ட இரண்டேகால் மணி நேரப் படத்தை அத்தகைய நாள்களில் ஊர் ஊராகக் கொண்டுசெல்வது எளிதன்று. தமிழை அடுத்துத் தெலுங்கு வடிவமும் வந்தது. பிறகு ஆட்சியாளரின் நடவடிக்கைக்கு அஞ்சிப் படம் பொதுக்காட்சியிலிருந்து மறைந்தது. 1942 ஏப்ரலில் சப்பானியத் தாக்குதல் அச்சத்தால் சென்னை மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1943இல் இந்தியச் செய்திப்படம் ஒன்றைத் தானே வாரந்தோறும் வெளியிடலாயிற்று. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அரசுப் படங்களைத் திரையிடுவது திரையரங்குகளின் கட்டாயக் கடமையாக்கப்பட்டது. போருக்கு ஆள்சேர்க்கும் காட்சிகள் ஓடாத திரை இல்லை. காந்தியடிகள் ஓடிய திரை எதுவும் இல்லை. அன்று அவர் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தார்.

குமரி மலர்

படம் முடங்கிய காலத்தில் செட்டியார் ஓய்ந்திருக்கவில்லை. 1943இல் குமரி மலரைத் தொடங்கினார். தாள் தட்டுப்பாடும் கட்டுப்பாடும் மிகுந்த போர்க்காலத்தில், மாதமொரு நூல் என்னும் வடிவில் அது வெளிவந்தது. அடுத்த நாற்பதாண்டுகள், அவர் மறையும்வரை, ஏறத்தாழ ஒற்றை ஆளின் உழைப்பால் அது நடந்தது.

குமரி மலரின் பக்கங்களைப் புரட்டுவோர்க்குத் தோன்றும் முதல் வியப்பு, அவற்றில் பாதிக்கு மேல் பழைய எழுத்து என்பது. மறைந்துபோன இதழ்களிலிருந்து எடுத்த கட்டுரைகள், நூலாக்கம் பெறாத பாரதியின் எழுத்துகள், மறந்துபோன பெரியோர் வாழ்க்கைக் குறிப்புகள், பழைய விளம்பரங்கள்கூட அங்கே மறு அச்சுப் பெற்றன. பழையதை வெளியிடுவதற்கென்றே ஒரு மாத இதழா என்று அன்று கேட்டவர் இருந்திருக்கலாம். ஆனால் காந்தி படத்தையும் குமரி மலரையும் ஒருங்கே நோக்கினால் இரண்டும் ஒரே செயல் என்பது புலப்படும். பிறர் ஒரு நாளுக்காக உருவாக்கி எறிந்துவிட்டதைப் பொறுக்கி எடுத்து நிலைபெறச் செய்வதே அச்செயல். செய்திப்படமும் செய்தித்தாளும் அன்றாடத்தின் பொருள்கள். அவற்றின் குப்பைக்கூடையே செட்டியாரின் நூலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலான பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968இல் அவர் வெளியிட்ட தமிழ்நாடு என்னும் தொகுப்பும் இதே மனப்பாங்கின் விளைவு. குடகு, கரிபியன் கடலும் கயானாவும் முதலிய அவருடைய சொந்தப் பயண நூல்களைவிட இத்தொகுப்புப் பணியே அவருடைய தலையாய ஆக்கம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பயண இலக்கிய ஆய்வாளர் பலர் இதனை ஏற்கமாட்டார்கள்.

பழனியும் 1940க்குப் பிந்திய காந்தியும்

1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதையர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தனர். அம்மக்களுக்குத் திறக்கப்படாத கோயிலுக்குள் தாமும் செல்வதில்லை என்ற உறுதியுடன் இருந்த காந்தியடிகள், திறந்த கோயில்களைக் காணவே 1946 பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். மதுரையிலிருந்து தனி இரயில் பழனிக்குச் சென்றது. இராஜாஜியும் காமராசரும் அப்பயணத்தில் இருந்தனர். வழியெல்லாம் கூட்டம்.

அக்காட்சியை ஒரு செய்திப்படப்பிடிப்பாளர் பிடித்தார் எனக் கொண்டால் அவருக்குக் கிடைத்திருப்பவை மலை, படிகள், கூட்டம், நாற்காலியில் ஒரு முதியவர் ஆகியவையே. பயணம் முடிந்த சில நாள்களில் காந்தியடிகள் தம் அரிசன் இதழில், இராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு குழு இயங்குவதாகப் பொருள்படும் குறிப்பை எழுதினார். காமராசர் மனம் வருந்திக் காங்கிரசின் தேர்தல் குழுவிலிருந்து விலகினார். தமிழ்நாட்டு அரசியலின் போக்கைத் தொட்ட பிளவு அந்த இரயில் பெட்டிக்குள் இருந்தது. படக்கருவி அதனைக் கண்டிருக்க வழியில்லை. செய்திப்படத்தை மூலச்சான்றாகக் கொள்வோர் இந்த எல்லையை மறக்கலாகாது. செட்டியார் அதனை அறிந்திருந்தார் என்பதற்கு, படம் எடுத்த கதையைப் பிற்காலத்தில் எழுத்தில் தனியே சொன்னதே சான்று.

செட்டியாரின் தமிழ்ப்படத்தில் பழனி இல்லை, இருக்கவும் முடியாது. அது ஆறாண்டு முன்பே முடிந்த படம். வெள்ளையனே வெளியேறு இயக்கம், கஸ்தூரிபாவின் மறைவு, நவகாளி எதுவும் அதில் இல்லை. தலைவர் உயிருடன் இருக்கும்போதே, முடிவு தெரியாத நிலையில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு அது. காந்தியடிகளின் கொலைக்குப் பிறகு வந்த படங்கள் அனைத்தும் முடிவிலிருந்து தொடக்கத்தைப் பார்ப்பவை. அந்தச் சுமை இல்லாத ஒரே பெரிய காந்தி படம் என்ற வகையில் 1940ஆம் ஆண்டுத் தமிழ் வடிவத்தின் மதிப்பு அளவிடற்கரியது.

பாடவேறுபாடுகள்

விடுதலையை ஒட்டி 1947இல் படம் இந்தி விளக்கவுரையுடன் தில்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாகி வாசிங்டனில் காட்டப்பட்டது. இவ்வாறு தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளில், பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குள், ஒரே படம் நான்கு முறை பிறந்தது. ஒவ்வொரு பிறப்பிலும் விளக்கவுரை மாறும். 1953க்குள் கதைத்தலைவரின் முடிவும் மாறிவிட்டது. அமெரிக்கப் பார்வையாளர்க்கு ஏற்ப நீளமும் குறைந்தது.

காலப்போக்கில் தமிழ் வடிவம் காணாமற்போயிற்று என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். பல்லாண்டுத் தேடலுக்குப் பின் பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேமிப்பிலிருந்து கண்டெடுத்தது சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமே. அதனைச் செட்டியாரின் படம் என்று எந்த அடையும் இல்லாமல் குறிப்பிடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. பதிப்பியல் பயின்ற மாணவர் இதனை ஏற்க இயலாது. ஒரு காப்பியத்தின் மூலம் மறைந்து, பிறமொழிச் சுருக்கம் ஒன்று மட்டும் எஞ்சினால் அதனை மூலமாகக் கொள்வோமா? காட்சிகள் செட்டியார் திரட்டியவை, சரி. ஆனால் எதனை முன்வைத்து எதனைப் பின்வைத்தார், எந்தக் காட்சிக்கு என்ன சொன்னார், எங்கே மௌனம் காத்தார் என்பவையெல்லாம் தமிழ் வடிவத்துக்கே உரியவை. மேலும், 12,000 அடிக்குள் அடங்காமல் ஒதுக்கப்பட்ட 38,000 அடி, அதாவது திரட்டியதில் முக்கால் பங்கு, தனியே ஒரு பேழை. ஏட்டுப் பதிப்பாசிரியர் கொள்ளாது விட்ட பாடங்களையும் அடிக்குறிப்பில் காப்பார். படத்தொகுப்புக்கு அடிக்குறிப்பு இல்லை.

இழப்புக்குத் தனிமனிதரைக் குறைசொல்லிப் பயனில்லை. நடுவணரசின் திரைப்படப் பிரிவு 1948இலும் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இலும் தோன்றின. இடைப்பட்ட காலத்தில் அழிந்த சுருள்களுக்கு யாரும் பொறுப்பேற்கும் நிலை இல்லை. காப்பகங்கள் வந்த பிறகும் 2003இல் புனேயில் ஏற்பட்ட தீயில் நைட்ரேட்டுச் சுருள்கள் பல எரிந்தன. 1968இல் காந்தி நினைவு நிதியின் சார்பில் விட்டல்பாய் சவேரி ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பெரும் ஆவணப்படத்தை உருவாக்கினார். அதற்கு நிறுவனங்களின் துணை இருந்தது. செட்டியார் அதற்கு முப்பதாண்டுகள் முன், அரசின் பகையையும் சுமந்துகொண்டு, கப்பல் சீட்டும் கைப்பெட்டியுமாகப் புறப்பட்டவர்.

தம்மை மறைத்தவர்

செட்டியாரின் வாழ்க்கையை எழுதுவோர்க்குப் பெரும் தடை செட்டியாரே. தம் படம் வெளிவருவதை அவர் விரும்பியதில்லை. உலகெங்கும் ஒளிப்படக் கருவியோடு திரிந்தவரின் நிழற்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பயண நூல்களிலும் அவர் யார், எப்படி உணர்ந்தார் என்பது வெளிப்படுவதில்லை. கண்ட ஊரும் சந்தித்த மனிதரும் மட்டுமே உண்டு. காந்தி படத்தை எடுத்தவர் என்று தம்மை எங்கும் முன்னிறுத்திக்கொள்ளவும் இல்லை. இதனைப் பணிவு என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் இந்தத் தன்மறைப்பே படம் மறதிக்குள் போனதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லவேண்டும். உ.வே.சா. தம் தேடலைத் திரும்பத் திரும்ப எழுதினார். அதனால் தேடலும் இலக்கியமாயிற்று, ஏடுகளின் மதிப்பும் ஊரறிந்தது. செட்டியார் வெகுகாலம் வாய்திறக்கவில்லை.

படம் எடுத்த கதையைப் பல்லாண்டுகள் கழித்தே குமரி மலரில் தொடராக எழுதினார். 1983 செப்டம்பர் 10ஆம் நாள் அவர் காலமானார். இதழும் அத்தோடு நின்றது. அத்தொடர் வேங்கடாசலபதியின் பதிப்பில் அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாக 2003இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. சுருள்களைத் தேடிய வழித்தடம், நாடுகள், மனிதர்கள், கிடைத்த காட்சிகள், கிடைக்காமற்போனவை ஆகியவற்றை அந்நூல் வரிசையாகச் சொல்கிறது. காணாமற்போன தமிழ் வடிவத்தை மீட்டமைக்க முயல்வோர்க்கு இன்று கையில் இருப்பவை இரண்டு: தமிழ்க்குரல் இல்லாத ஆங்கிலச் சுருக்கம் ஒன்று, காட்சிகள் இல்லாத இந்தத் தமிழ் நூல் மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்து, நூல் குறிக்கும் காட்சிகளுள் ஆங்கில வடிவத்தில் எஞ்சியவை எவை, நீங்கியவை எவை என்று ஒப்பிட்டு அட்டவணைப்படுத்தும் பணியை இக்கட்டுரையாளர் தம் முனைவர்பட்ட ஆய்வின் ஓர் இயலாக மேற்கொண்டுள்ளார்.